சுற்றும்போது கிட்ட வராதே

"கிட்ட வராதீங்கண்ணே! ரோட்டர் சுத்திட்டு இருக்கு!"

காவலாளி அப்படியே நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பைலட் கையை வீசித் துரத்தினான்.

பைலட் என்பது வீட்டில் வைத்த பெயர். கிண்டலுக்குத்தான். இருந்த வேலையை விட்டுவிட்டு, உச்சியில் ரோட்டர் என்ற பெரிய விசிறி சுற்றும் குட்டி விமானமான கைரோபிளேன் ஓட்டக் கற்றவன். பயிற்சியாளர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்று மூன்றாவது முறை.

"இதுலயும் தோத்தீங்கன்னா நேரா மெத்தைக் கடைக்குப் போயிடுங்க. எங்கண்ணன் உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டான்" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

தேர்வு அதிகாரி போனில் சொன்னது அதைவிடச் சுருக்கம்: "பறக்கிறதெல்லாம் யாரு வேணா பறப்பாங்க. ஒழுங்கா நிறுத்தத் தெரியுதான்னுதான் நான் பார்ப்பேன்."

அதனால்தான் விடிந்ததும் விமானத் திடலுக்கு அலறியடித்து வந்து, காரிலிருந்து குதித்து ஓடி, அவர் வருமுன் ஒரு ரவுண்டு பறந்து பார்த்தான். பூப்போல இறங்கியது. நிற்பதில்தான் வம்பு. இன்ஜினை அணைத்த பிறகும் தலைக்கு மேல் ரோட்டர் காற்றுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை ஓட்டுகிறவன் சீட்டை விட்டு எழக்கூடாது, யாரும் நெருங்கக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. விதி விதிதான்.

ரோட்டர் பிரேக்கை இழுத்தான். நிற்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். கேபிள் அறுந்து, கைப்பிடி மடியில் விழுந்தது.

"சார்!" காவலாளி மறுபடியும் வந்தார். "வெளிய..."

"தலை போயிடும்ணே! பேச்சுக்குச் சொல்லல, நிஜமாவே போயிடும்! பின்னாடி போங்க!"

காற்று மறைவு தேடி இன்ஜினைப் போட்டு, இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக்கொண்டு போனான். சந்தில் புகுந்த காற்று அங்கேதான் பேயாக அடித்தது. ரோட்டர் வேகம் பிடித்தது. ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடிக்காவிட்டால் ரோட்டரின் இறக்கை வாலைப் பதம் பார்த்துவிடும். பிடித்தான். இரண்டு கையும் மாட்டிக்கொண்ட பிறகு மூக்கு அரித்தது.

எங்கோ ஒரு ஹாரன் விடாமல் அலறியது. 'பொறுமை கெட்ட ஜென்மம். இதுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?' என்று நினைத்துக்கொண்டான்.

தூரத்தில் காவலாளி இரண்டு கைகளையும் வட்டமாகச் சுழற்றிக் காட்டினார்.

"சுத்துதுன்னு எனக்கும் தெரியும்ணே!" என்று கத்தினான்.

ஒருவழியாகக் காற்று அடங்கியது. ஹாரனும் அடங்கியது. ரோட்டர் முனகி நின்றது. இறக்கையை வாலுக்கு நேராகத் திருப்பி, நுனிக்கு உறை மாட்டிக் கயிற்றால் கட்டினான். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். கயிறு ஒரு விரல் அகலம் தளர்வாகத் தோன்ற, அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு, தூங்கும் குழந்தையை விட்டு விலகுவதுபோல் பின்பக்கமாகவே நடந்து வந்தான்.

இனி அதிகாரி வரவேண்டியதுதான் பாக்கி.

"இப்ப வாங்கண்ணே. நிறுத்தியிருக்கிறதைப் பாருங்க. யாராவது ஒரு குறை சொல்ல முடியுமா?"

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"இதைச் சொல்லல சார், கேட்டுக்குக் குறுக்கே நீங்க உங்க காரை விட்டுட்டு வந்தீங்கல்ல, அதனால உள்ள வர முடியாம ஒருத்தர் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு, 'நிறுத்துற அழகைத்தான் பார்த்துட்டேனே, இதுக்கு மேல பரீட்சை எதுக்கு'ன்னு சொல்லிட்டு வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டாரு."