புழுதியோடு வந்த சம்பந்தம்

மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் புழுதி வந்து சேர்ந்துவிட்டது.

அதுவும் சும்மா புழுதியல்ல. மழை கண்காணாமல் போய், மின்சாரத்தை நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருந்த வருடம் அது. வெள்ளவத்தையில் சிவபாதசுந்தரத்தின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் பழைய வீடொன்றை இடித்து, அடுக்குமாடி கட்டுகிறோமென்று மணலும் சுண்ணாம்புக் குப்பையுமாகக் குவித்து வைத்திருந்தார்கள். சண்டைக்குத் தப்பி வடக்கிலிருந்து சனம் வரவர, வெள்ளவத்தையில் இடிக்கிறவனுக்கும் கட்டுகிறவனுக்கும் நல்ல காலம். கடற்பக்கமிருந்து திடீரென்று கிளம்பிய காற்று அந்தக் குவியலை அள்ளிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கியது. தகரங்கள் பறந்தன. பட்டப்பகலில் எதிர்வீட்டு மதில் மறைந்துபோனது.

காலையிலிருந்து, "காத்து வரட்டும்" என்று எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்திருந்தவர் சிவபாதசுந்தரம்தான். புழுதி முழுவதும் உள்ளே வந்து கதிரைகளில் அமர்ந்த பிறகு, "பூட்டுங்கோ! பூட்டுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடி ஓடிப் பூட்டியவரும் அவர்தான். வந்த புழுதிக்கு வெளியே போக வழியில்லாமற் போயிற்று.

"என்னப்பா செய்யிறியள்? மூச்சு விடேலாமக் கிடக்கு!" குசினிக்குள்ளிருந்து மனைவி நாகேஸ்வரி இருமினாள்.

"நீர் பேசாம இரும். எனக்குத் தெரியும்."

இந்த 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் துறைமுகக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராகி, இளைப்பாறியும் விட்டார். வீட்டில் மட்டும் அது ஒருநாளும் பலித்ததில்லை.

மகள் சுகந்தினிக்கு முப்பது தாண்டிவிட்டது. சாதகம் பார்த்துக் களைத்துப்போன நேரத்தில் வந்து வாய்த்தவர் இந்தக் கனடா மாப்பிள்ளை. சாதகம் பொருந்தியது, படம் பிடித்தது, வீட்டில் வந்து தடக்கி நின்றது. வெள்ளவத்தை வீட்டை இப்போதே பெண்ணின் பெயரில் எழுத வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் பத்மாவதி கேட்டிருந்தாள். "வீடு பெட்டைக்குத்தான். ஆனா என்ர காலத்துக்குப் பிறகு" என்று சிவபாதசுந்தரம் சொல்லியிருந்தார். நடுவில் ஓடித் திரிந்த தரகர் சின்னராசாவுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டு பகுதியும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. இன்றைக்குத் தாயும் தாய்மாமனும் நேரே வந்து பெண்ணைப் பார்த்து, முடிவையும் சொல்லிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

முடிவு சொல்ல வருகிறவர்கள் இந்த வீட்டைப் பார்த்தால், முடிவு என்னவாயிருக்கும் என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

"கூட்டுவம்" என்றார் சிவபாதசுந்தரம், தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு.

"தண்ணி தெளிச்சுப்போட்டுக் கூட்டுங்கோ அப்பா."

"பிள்ளை, எனக்குத் தெரியும்."

கூட்டினார். நிலத்தில் கிடந்த புழுதி எழும்பிக் கூரைவரை போய், ஆறுதலாக இறங்கி, பயத்தம் பணியாரத்தின் மேலும் நாகேஸ்வரியின் இரண்டு கண்களுக்குள்ளும் விழுந்தது. அவள் கண்ணைக் கசக்கினாள். கசக்கக் கசக்கச் சிவந்து, குழாய் திறந்தமாதிரித் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

உண்மையான குழாயில்தான் தண்ணீர் இல்லை. குளியலறை வாசல் பீப்பாவில் சுகந்தினி தலை முழுகவென்று சேர்த்து வைத்ததுதான் இருந்தது. அதைத் தூக்கி வந்து விறாந்தையில் ஊற்றினார் தகப்பன். புழுதி சேறானது. பாதித் தலையில் ஷாம்புவோடு எட்டிப் பார்த்தாள் மகள்.

"நல்லது அப்பா. இனி நாத்து நடலாம்."

சிவபாதசுந்தரத்துக்கு ரோசம் வந்துவிட்டது. சேட்டைக் கழற்றி எறிந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கதிரைகளையெல்லாம் ஒவ்வொன்றாக முற்றத்துக்குக் கொண்டுபோய், தட்டி, வரிசையாக வைத்தார். நீளமான மரவாங்கு மட்டும் கதவால் போக மறுத்தது. அதை மண்டபத்தின் நடுவில் விட்டுவிட்டு, பலகாரத் தட்டுகளை அதன்மேல் நீளத்துக்கு அடுக்கி, தலைப்பக்கம் ஒரு அன்னாசிப் பழத்தையும் வைத்து, தூசி விழாமல் வெள்ளைக் கட்டில் விரிப்பால் இழுத்து மூடினார். சன்னல் பூட்டியதால் மண்டபம் இருட்டாயிருந்தது. மின்சாரமும் இல்லை. குத்துவிளக்கை ஏற்றி, அன்னாசிப் பக்கமாக வைத்தார்.

அதற்குள் இன்னொரு காற்று. "விடமாட்டன்!" என்று ஓடிப்போய், தன்னுடைய நாலுமுழ வேட்டிகளையெல்லாம் கேற்றிலிருந்து ஒழுங்கை மூலைத் தூண்வரை திரைபோல இழுத்துக் கட்டினார். காற்று வந்து, கட்டின வேட்டிகளை நார் நாராகக் கிழித்துப் பறக்கவிட்டது.

கொழும்பில் ஒழுங்கை நீளத்துக்கு வெள்ளைத்துணி பறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிங்களவர், தமிழர், வேதக்காரர், சோனகர் என்ற பேதம் அதற்கில்லை. ஆனால் புழுதியோடு போர் செய்கிற மனிதனுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் வரப்போகிறது!

முதலில் வந்தவள் மூலை வீட்டு டோரின். கறுப்புக் கவுண், கையில் மெழுகுதிரிப் பெட்டி. நல்ல மனுசி. வந்ததும் சிவபாதசுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அங்கிள், இப்பிடி நடந்துட்டுது?"

"என்னத்தைச் சொல்ல, டோரின்! ஒரு நிமிசத்தில எல்லாம் முடிஞ்சுது."

"நீங்க மனசைத் தளரவிடப்படாது."

புழுதிக்காக இவ்வளவு துக்கப்படுகிறாளே என்று அவர் நெகிழ்ந்துபோனார். டோரின் விரிப்பைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், தலைவிரிகோலமாக நின்ற சுகந்தினியைப் பார்த்தாள், சிலுவை போட்டாள். வெளியே போய் ஒரு கதிரையில் தலைகுனிந்து அமர்ந்தாள். யார் செத்தது என்று அவள் கேட்கவில்லை. செத்த வீட்டில் அதைக் கேட்பது மரியாதையுமில்லை. அந்த நாட்களில் தேவையுமில்லை. வடக்கிலே ஆருக்கோ ஏதோ நடந்திருக்கும். எல்லா வீட்டுக்கும் அங்கே ஓராள் இருந்தார்.

டோரினைக் கண்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைக் கண்டு நாலு பேர். வந்தவர் எல்லாம் முன்னால் இருப்பவருக்கு விசயம் தெரியும் என்று நம்பித் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இஞ்சாருங்கோ, முத்தத்தில ஆரப்பா கதைச்சுக் கேக்குது?" கண் திறக்க முடியாத நாகேஸ்வரி கேட்டாள்.

"அயலட்டைச் சனம். பெம்பிளை பாக்க வாறது கேள்விப்பட்டிருக்கினம். கதிரை காயப்போட்டால் வந்து குந்தியிடுவினம்."

ஒழுங்கை முனைச் சோதனைச் சாவடியிலிருந்து கோப்ரல் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "மள கெதரத, மாத்தயா?" என்றார். செத்த வீடா என்பது கேள்வி. சிவபாதசுந்தரத்துக்குச் சிங்களம் ஓரளவு வரும். சீருடையைக் கண்டால் வந்ததும் போய்விடும். சீருடை எதைக் கேட்டாலும் சொல்லவென்று 'ஆம்' என்ற ஒரே பதிலை அவர் தயாராக வைத்திருந்தார்.

"ஒவ், சேர். ஒவ், ஒவ்."

கோப்ரல் தொப்பியைக் கழற்றினார். அந்த ஒழுங்கையில் இத்தனை வருடத்தில் ஒரு தமிழனுக்கு முன்னால் கழன்ற முதல் தொப்பி அது. அடையாள அட்டைகூடக் கேட்காமல் திரும்பிப் போனார். "பாத்தீரே, நாகேசு, மரியாதை!" என்றார் சிவபாதசுந்தரம்.

கொஞ்ச நேரத்தில் அதே கோப்ரல் செத்த வீட்டுக்கு வழிகாட்ட, ஒரு வான் வந்து நின்றது. பத்மாவதி இறங்கினாள். பின்னால் அவளுடைய தமையன் நமசிவாயம் இறங்கினார். அவர் கையில், ஒழுங்கை முனையில் அவசரமாக வாங்கிய ஒரு மாலை. ஐந்து பவுணுக்கு மேல் போட்டிருந்த பத்மாவதி, இறங்குகிறபோதே சங்கிலியை எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மாலையைக் கண்டதும் சிவபாதசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்க மாலையோடு வருகிறார்கள் என்றால் காரியம் பழம்தான்! மேலெல்லாம் சுண்ணாம்பு, கையில் தும்புத்தடி, வாயெல்லாம் பல்லாக ஓடினார்.

"வாங்கோ, வாங்கோ! உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்!"

முற்றத்துச் சனம் திடுக்கிட்டது. இழவு வீட்டில் 'வாங்கோ' சொல்லுகிற மனிதனை யாராவது கண்டதுண்டா?

நமசிவாயம் இரகசியம் பேசத் தெரியாத மனிதர். "வேலைக்காரன் போல கிடக்கு. மூளை கொஞ்சம் மட்டு" என்று முற்றம் முழுக்கக் கேட்கத் தங்கைக்குச் சொல்லிவிட்டு, குடையை அவரிடம் நீட்டினார். "இந்தா, இதைப் பிடி."

சிவபாதசுந்தரம் பிடித்தார். சம்பந்தி வீட்டார் எதை நீட்டினாலும் பிடிக்கத்தானே வேண்டும்.

பத்மாவதி நேரே மண்டபத்துக்குள் போனாள். கண்ணீர் வடிய நின்ற நாகேஸ்வரியைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதாள். தாயும் மகளும் நிற்க, கிடப்பது தகப்பன்தானே! பிறகு வாங்கின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தாள்.

"ஐயோ சம்பந்தி! முகத்தைக்கூடக் காட்டாமப் போட்டியளே! ஒண்டுக்கும் யோசியாமப் போங்கோ! அப்பன் இல்லாத பிள்ளையெண்டு நாங்கள் கைவிட மாட்டம்! இண்டையிலயிருந்து அவள் என்ர பிள்ளை! ஆட்டைத் திவசம்வரை ஒரு வருசம் நிக்கத் தேவையில்லை. முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியக் கையோட கலியாண எழுத்தை வைப்பம்!"

வாசலில் குடையோடு நின்ற சிவபாதசுந்தரம் அப்போதுதான் வாங்கைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். விளக்கு, விரித்த தலை, முற்றத்துக் கதிரைகள், பறக்கிற வேட்டி, டோரினின் கறுப்புக் கவுண். ஒவ்வொன்றாகப் புரிந்தது. கடைசியாக, செத்தது தான்தான் என்பதும் புரிந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனுசியைப் போயா வீட்டுக்கு ஆசைப்பட்டவள், சீதனப் பேய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினோம்! இழவு விழுந்த வீட்டில் சம்பந்தம் செய்ய யார் துணிவார்? தகப்பனில்லாப் பெண்ணை யார் எடுப்பார்? இந்தக் காலத்திலும் இப்படியும் மனிதர் இருக்கிறார்களே! அவருடைய கண்ணிலிருந்து வழிந்த நீர், கன்னத்துச் சுண்ணாம்பில் கோடு போட்டது.

பத்மாவதி துக்கம் தாளாமல் விரிப்பின்மேல் விழுந்தாள்.

கறுக். மொறுக். கறுக்.

"ஐயோ, எலும்பு!" என்று ஒருத்தி அலறினாள்.

"எலும்பில்லை, முறுக்கு!" வந்தவர்களுக்கு முன்னால் சுகந்தினி முதன்முறையாக வாய் திறந்தாள்.

சிவபாதசுந்தரம் பாய்ந்து போய் விரிப்பை இழுத்தார். நொறுங்கிய முறுக்கும், சப்பையான சீனி அரியதரமும், அசையாத அன்னாசியும் விளக்கொளியில் கிடந்தன.

"நான்தான் சிவபாதசுந்தரம்! நான் சாகேல்லை! ஒருதரும் சாகேல்லை! எல்லாம் இந்தப் பாழாப்போன புழுதி செய்த வேலை!"

"ஜீசஸ்!" என்றாள் டோரின். முற்றத்தில் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கோப்ரல், ஆள் உயிரோடு இருப்பது தெரிந்ததும், தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "ஐடென்டிட்டி கார்ட்?"

சிவபாதசுந்தரம் அவரைக் கவனிக்கவேயில்லை. தும்புத்தடியைப் போட்டுவிட்டு, பத்மாவதிக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தங்கச்சி, நீங்கள் தெய்வம்! செத்த வீடெண்டு தெரிஞ்சும் என்ர பிள்ளையை எடுக்க வந்தியளே! சொல்லுங்கோ, கலியாணத்தை எப்ப வைப்பம்?"

பத்மாவதி சேலையில் ஒட்டியிருந்த முறுக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தாள். நல்ல ஆரோக்கியமான மனிதர். இன்னும் இருபது வருடத்துக்குப் பழுதில்லை.

நமசிவாயம்தான் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் ஏந்தியபடி, வழக்கமான இரகசியக் குரலில் கேட்டார்:

"அப்ப ஆள் உயிரோடயோ? அப்பிடியெண்டா, வரேக்கை வானுக்கை கதைச்சமாதிரி வேண்டாமெண்டே சொல்லிப்போட்டு வெளிக்கிடுவமே, தங்கச்சி?"