ஐஸ் பாயின் ஒன்பது குழிகள்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டில் கோல்ஃப் ஆடிய முதல் மனிதர் ஐஸ் பாய்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தின் தலைசிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர் அவரே. மிக மோசமான ஆட்டக்காரரும் அவரே. நானும் ஆட்டத்தில் சேர்ந்ததும் இரண்டாவது பட்டம் மட்டும் எனக்குக் கைமாறியது.

அவருடைய இயற்பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நாற்பது வருடம் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்தவர், ஐஸ் பாய். நான் வேலையின் கடைசி மூன்று வருடங்களைக் கழிக்க அந்த ஊர் வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்து, அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். வார நாட்களில் அங்கே, சனிக்கிழமை மதியம் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு. முதல் வாரம் என்னை ‘சார்’ என்றார். இரண்டாம் வாரம் ‘பேங்கு சார்’. மூன்றாம் வாரம் சார் போய்விட்டது. ‘பேங்கு’ மட்டும் கடைசி வரை நின்றது.

அவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது முழங்கால்கள் இரண்டும் ஒரே வாரத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கின. மகள் நூரு கடையைத் தன் வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வைத்துவிட்டு, அப்பாவைப் பொன்னேரிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நான்கு கட்டளை போட்டார். தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மணலில் நடக்கக் கூடாது. குனியக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது.

பாய் மூன்று நாள் ஏரிப் பாலத்தின் மேல் நடந்து போய்த் திரும்பினார். நான்காம் நாள் நிறுத்திவிட்டார்.

“எங்க போறீங்க பாய்னு கேக்கறானுங்க. எங்கயும் இல்ல, சும்மா நடக்கறேன்னு சொன்னா ஒரு மாதிரி பாக்கறானுங்க. நாப்பது வருசமா வேலை இல்லாம ஒரு அடி எடுத்து வெச்சதில்ல பேங்கு. இப்ப இன்னாத்துக்கு இல்லாத எடத்துக்கு நடக்கணும்?”

அந்தச் சமயத்தில்தான் அவருடைய தம்பி மகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல்லுக்குத் தண்ணீர் விடுவது அவன் வேலை. உறுப்பினர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மூன்று மட்டைகள், ஜிப் போன ஒரு பை, நாற்பது பந்துகள் ஆகியவற்றைப் பெரியப்பாவுக்குக் கொண்டுவந்தான். ஊரே சென்ட் பாட்டிலும் போர்வையும் எதிர்பார்த்திருந்த இடத்தில் இது வந்து இறங்கியது. நூரு தலையில் அடித்துக்கொண்டாள். பாய் ஒரு மட்டையை எடுத்து எடை பார்த்தார். மறுநாள் விடியற்காலை என் கதவைத் தட்டினார்.

“எழுந்திரு பேங்கு. ஆட்டத்துக்கு ஆள் வேணும்.”

“நானா? எனக்கு ஒன்றும் தெரியாதே பாய்.”

“எனக்கு மட்டும் தெரியுமா? தனியா ஆடுனா பைத்தியம்பானுங்க. ரெண்டு பேரா ஆடுனா ஸ்போர்ட்ஸு.”

பாலத்துக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்பு முடிந்து கடல் மணல் ஆரம்பிக்கிற இடத்தில் மைதானம் உருவானது. ஒன்பது காலி பெயின்ட் டப்பாக்களை மணலில் புதைத்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி, அதில் பழைய லுங்கித் துணியில் கொடி. டப்பாவைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டும் என்று மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்ட தம்பி மகன் போனில் சொன்னான். புல்லுக்கு எங்கே போவது? பாய் குடம் குடமாக ஏரித் தண்ணீரை ஊற்றி மணலைத் தட்டி இறுக்கினார். “பேரு பச்சை, கலரு பழுப்பு, அவ்ளோதான். மஸ்கட்டுலயும் மணலுதானே?” என்றார்.

ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. நாற்பது வருடம் கட்டையால் ஐஸை உடைத்த கை அது. மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, “யா அல்லா!” என்று செங்குத்தாக இறக்குவார். பந்து முன்னால் போகாது, கீழே போகும். ஒரு சாண் ஆழத்தில் புதைந்துவிட்ட பந்தை இருவரும் மண்டியிட்டுத் தோண்டி எடுப்போம். குனியக் கூடாது என்ற கட்டளை முதல் காலையிலேயே முப்பது தடவை காற்றில் பறந்தது. டாக்டரை ஞாபகப்படுத்தினேன்.

“நாலு சொன்னாரு, ஒண்ணு கேட்டேன். நடக்கறேன் இல்ல? நூத்துக்கு இருபத்தஞ்சு மார்க்கு. பாஸாவறதுக்கு இன்னும் பத்துதான் கம்மி.”

நான் அடித்த பந்துகளோ கீழே போகாமல், திசை பார்க்காமல் பறந்தன. அதில் பாதி ஏரிக்குப் போயிற்று. பக்கத்துக் குப்பத்தில் எட்டியப்பன் என்று ஒரு மீனவர். மூன்றாம் குழிக்கும் நான்காம் குழிக்கும் நடுவில்தான் பரம்பரையாக அவர் வலை காய்கிறது. ஒரு நாள் இறால் கூடையோடு எங்கள் முன்னால் வந்து நின்று, அதிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இன்னா பாய், வலையில எறாவோட உன் பந்தும் வருது. வலை காயற எடத்துல கோலி ஆடறதுக்கு உனக்கு வேற எடம் கெடைக்கலியா?”

“கோலி இல்ல எட்டியப்பா. கோல்ஃபு.”

“ரெண்டும் குழியில தள்றதுதானே?”

பாய் வெகுநேரம் யோசித்தார். “ஆமா. ஆனா இதுக்கு ஷூ போடணும்” என்றார்.

எட்டியப்பனுக்கு அந்த நேர்மை பிடித்துப்போயிற்று. கரையில் இருக்கிற நாட்களில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டே எங்களுக்கு நடுவராகவும் இருந்தார். அவர் வந்த வாரமே பெரிய வழக்கு ஒன்று வந்தது. பாயின் பந்து உருண்டு போய் ஒரு நண்டு வளைக்குள் விழுந்துவிட்டது. பாய் இரண்டு கையையும் தூக்கி வெற்றி என்று அறிவித்தார்.

“அது நண்டு வளை பாய்!”

“குழி குழிதான். நான் தோண்டுனா இன்னா, நண்டு தோண்டுனா இன்னா?”

எட்டியப்பன் வலையிலிருந்து தலை தூக்காமல் தீர்ப்புச் சொன்னார்: “நண்டு உள்ள கீதானு பாரு. இருந்தா அது அதும் வூடு, செல்லாது. காலியா இருந்தா குழி.”

பாய் கையை விட்டுப் பார்த்தார். நண்டு இருந்தது. விரலில் கட்டோடு எட்டாம் குழியை ஆடினார், தோல்வியை ஒப்புக்கொள்ளாமல்.

பிப்ரவரி மாதக் காலை ஒன்றில் வனத்துறைக் காவலர் ஒருவர் ரோட்டில் பாயை வழிமறித்தார். கடல் ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவம். ஆமை முட்டையும் கோல்ஃப் பந்தும் கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. காவலர் பைக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருபது உருண்டைகள்.

“ஆமை முட்டை எங்கேர்ந்து எடுத்த பெரியவரே? ஜெயிலுக்குப் போவ, தெரியுமா?”

ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் பாய்க்குக் குரலை உயர்த்திப் பேசுகிறவர்களிடம் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை.

“எங்கேர்ந்தும் எடுக்கல. நானே போட்டேன்.”

காவலர் முகம் சிவந்து போனைத் தேடினார். பாய் ஒரு பந்தை எடுத்து ரோட்டில் ஓங்கி அடித்தார். அது எகிறி, காவலரின் தொப்பிக்கு மேலே போய், திரும்பி வந்து அவர் காலடியில் குதித்தது. ஓர் ஆமை முட்டை இப்படி நடந்துகொண்டதை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

“இன்னா இது?”

“கோல்ஃபு. நகருங்க, நீங்க நிக்கறது ஏழாவது குழிக்குப் போற வழி.”

அன்று சாயங்காலமே பந்துகள் அத்தனைக்கும் படகுக்கு அடிக்கிற ஆரஞ்சு பெயின்ட் அடித்தார். நல்லதாகப் போயிற்று. இரண்டு வாரம் கழித்து, ஐந்தாம் குழிக்குப் பக்கத்தில் நாய் ஒன்று மணலைப் பறித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. பாய் மட்டையைச் சுழற்றி நாயை விரட்டினார். பிறகு மணலைத் தள்ளி மூடிவிட்டு, அந்தக் காவலர் வந்து சேரும் வரை மூன்று மணி நேரம் வெயிலில் அங்கேயே நின்றார். ‘கூடாது’ என்ற மூன்று கட்டளைகளில் ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அது நடந்தது. பந்து ஏரி ஓரச் சேற்றில் கிடந்தது. அதைத் தூக்கி வெளியே வைத்து ஆடலாம் என்றேன். “கெடக்கற எடத்துலயே ஆடறவன்தான் ஆம்பள” என்று சேற்றில் இறங்கினார். மட்டை மேலே போயிற்று, வழக்கம்போல் செங்குத்தாக வந்தது, இரண்டு கால்களும் இரண்டு திசைக்குப் போயின. விழுந்தவரால் எழ முடியவில்லை. எட்டியப்பனும் நானும் தூக்கி ஆட்டோவில் போட்டுப் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். எலும்புக்கு ஒன்றுமில்லை, வலது முழங்காலில் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார்கள். ஆறு வாரம் நாற்காலி, பிறகு கைத்தடி. டாக்டர் கட்டளைகளை ஒன்றாகக் குறைத்துவிட்டார்: கோல்ஃப் கூடாது.

நூரு மட்டைகளை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஜன்னலோரம் உட்கார வைக்கப்பட்ட பாயைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீ வரும், பிஸ்கட் வரும், பார்க்க வருகிறவர்கள் ‘வயசாயிடுச்சு இல்ல’ என்று சொல்லிவிட்டு அந்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டுப் போவார்கள்.

“உக்கார வெச்சு டீ குடுக்கறாங்களே, அது மரியாத இல்ல பேங்கு. மவுத்தாவறதுக்குக் குடுக்கற டோக்கன்” என்றார் ஒரு நாள்.

“கால் சரியாகட்டும் பாய். அப்புறம் வேறு ஏதாவது...”

“வேற இன்னா? நாப்பது வருசம் நான் அடிச்சதெல்லாம் தண்ணியா போச்சு. காலைல உடைச்சது சாயங்காலம் இருக்காது. இது ஒண்ணுதான், அடிச்சா தூரமா போயி எனக்காகக் காத்துகினு கெடக்குது.”

நான் டீயை முழுசாகக் குடித்துவிட்டு மேலே போய்விட்டேன்.

ஏழாம் வாரம் டாக்டர் கொடுத்த கைத்தடியை ஊன்றிக்கொண்டு “வாசல் வரைக்கும்” என்று கிளம்பினார். வாசலில் ஆட்டோ நின்றது. நான் மைதானத்துக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வளைந்த கைப்பிடியால் ஆரஞ்சுப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பிரமாதமாகப் போயிற்று. முழங்காலை மடக்க முடியாததால், மட்டையைத் தலைக்கு மேல் தூக்கவும் முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பந்து நேராக உருண்டது.

“பாத்தியா? டாக்டருக்குத் தெரியாம நல்ல மட்டையா குடுத்துட்டாரு!”

பின்னாலேயே நூருவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. மணலில் செருப்பு புதையப் புதைய வந்தாள். கையில், பீரோவில் பூட்டியிருந்த மட்டைகளில் ஒன்று. முறித்துப் போடத்தான் எடுத்துவந்திருந்தாள்.

“வாப்பா! உங்களுக்கு வெக்கமா இல்ல? உம்மா போனதுக்கு அப்புறம் எனக்கு யாரு இருக்கா? நீங்களும் இந்த மண்ணுல வுழுந்து போயிட்டா நான் இன்னா பண்றது?”

பாய் தலை குனியவில்லை. “வுழுந்தா தூக்கிவுடு. வுழக்கூடாதுனு பூட்டி வெக்காத.”

“அப்டி இன்னாதான் கீது இதுல?”

கோபத்தில் மட்டையை இரண்டு கையாலும் பிடித்து, கீழே கிடந்த பந்தை நோக்கி ஓங்கி ஒரு வீசு வீசினாள்.

டக் என்று ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தத்தை அந்த மைதானம் அதுவரை கேட்டதில்லை. பந்து எழுந்தது, எட்டியப்பனின் வலைகளைத் தாண்டியது, சவுக்கு உயரத்துக்குப் போனது, நான்காம் குழியின் லுங்கிக் கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

எட்டியப்பன் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

பாய் மகளைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் பெருமையும் பொறாமையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முன்னால் வந்தன.

“கால் வெச்சது தப்பு” என்றார் கடைசியில்.

நூரு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இன்னொரு பந்து குடுங்க வாப்பா.”

பீரோ சாவி அன்றைக்கே வெளியே வந்தது. வீட்டில் ஓர் ஒப்பந்தமும் ஏற்பட்டது: பாய் ஆடலாம், ஆனால் நூரு கூட இருக்கும்போது மட்டும், சேற்றில் விழுந்த பந்தை அவள் எடுப்பாள். எங்கள் இருவரையும் அவள் நாள் தவறாமல் தோற்கடித்தாள். உடனே பாய் ஒரு புதிய விதி கொண்டுவந்தார். குறைந்த அடியில் குழியில் போடுபவருக்கே வெற்றி என்பதால், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடித்த கணக்கில் குழிக்கு இரண்டு அடி தள்ளுபடி. அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது. கெஞ்சிப் பார்த்தேன். ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னார்.

நான் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய நாள், பஸ் ஸ்டாண்டு வரை கைத்தடியோடு வந்தார்.

“உனக்கு இந்த ஆட்டம் சாவற வரைக்கும் வராது பேங்கு. அதுக்காக வராம இருந்துடாத. ஞாயித்துக்கெழம கெளம்பி வந்துடு.”

முடிகிற ஞாயிறுகளில் விடிகாலை ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, பஸ் மாறிப் போய்த் தோற்றுவிட்டு வருகிறேன். பாய்க்கு எழுபத்திரண்டு ஆகிறது. சில ஞாயிறு வீட்டில் விசேஷம், சில ஞாயிறு எனக்கே முதுகு வலி, போக முடிவதில்லை.

அதைப் பற்றி நூருவிடம் போனில் வருத்தப்பட்டபோது அவள் சிரித்தாள். நான் போகாத நாட்களில் என் பந்தையும் பாயே அடிக்கிறாராம். தனக்கு ஓர் அடி, எனக்கு ஓர் அடி, ஒன்பது குழிக்கும். எனக்காக அடிக்கும்போது “நேரா பாத்து அடி பேங்கு” என்று திட்டிக்கொண்டே அடிக்கிறாராம்.

போன மாதம் ஒரு தடவை நான் ஜெயித்தேனாம்.