மாதிரிக்குப் போட்ட வீடு

அன்று பகல் பதினொரு மணிக்கு அலுவிகாரை வீட்டில் இருந்தவர்கள்: பிரணவன், வயது முப்பத்தொன்று, இரண்டு நாளாகத் தூங்காதவன். அவன் அம்மா சந்திரவதனா, சமையலறையில், வடைக்கு உளுந்து அரைத்தபடி. முன்னறைக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த நிரஞ்சனி என்ற அம்மாள், யாரும் கூப்பிடாமல் வந்தவர்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை பார்க்க வரவேண்டியவர் கலேவெல ஊர் ஆறுமுகநாதன், பெண்ணின் அப்பா. அதற்குள் நிரஞ்சனியைக் கிளப்பியாக வேண்டும்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முறையாகப் பதிவு செய்துதான் வந்திருந்தார்.

பிரணவன் வீட்டிலிருந்தே இணையத்தளங்கள் செய்பவன். நாவுலயில் விருந்தினர் விடுதி கட்டிய அப்துல் ஸமத் அவனிடம் ஒரு தளம் கேட்டிருந்தார். அவரை அண்ணன் முறையில் நாநா என்பான். அறைகளின் படத்தை அனுப்புங்க நாநா என்றால், மூன்று வாரமாக இன்ஷா அல்லாஹ் நாளைக்கு என்றார். பெயின்ட் காயவில்லையாம். படமில்லாத பக்கம் பல் போன வாய் மாதிரி இருந்தது. மாதிரிக்கு இருக்கட்டும் என்று பிரணவன் தன் வீட்டையே படம் பிடித்துப் போட்டான். முன்னறை, கிணறு, பலாமரம், அம்மாவின் பூப்போட்ட படுக்கை விரிப்பு. முகவரியும் தன்னுடையதே. முந்தாநாள் விடியற்காலையில், கண் சொக்கிய நேரத்தில், மாதிரியைச் சேமிக்கப் போனவன் அதை உலகத்துக்கே திறந்துவிட்டான். தெரியாமல் அடுத்த வேலைக்கும் போய்விட்டான்.

காலை பத்து மணிக்கு நிரஞ்சனி ஒரு பையும் கறுப்புக் குடையுமாகக் கேற்றடியில் நின்றார். போனில் அதே பூப்போட்ட விரிப்பைக் காட்டினார். "கீழ உங்க பேரும் போட்டிருக்கே தம்பி" என்றார். செய்தவர் பெயர் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டது. அதை வாசித்த முதல் ஆள் இவர்தான்.

பிரணவனுக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. மலையிலிருந்து இறங்கிய பனி பலாமரத்தை மெல்ல அழித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, கிளை கிளையாகத் திருப்பி வைத்தது. இணைப்பு மெதுவான நாளில் பக்கம் திறப்பதும் இப்படித்தான்.

முதல் வேலையாக அவருடைய பதிவைக் கணினியில் ரத்து செய்தான். முன்னறையில் அவர் போன் கிணுங்கியது. ரத்தானால் மன்னிப்புக் கடிதமும், இலவசப் பகல் சாப்பாட்டுச் சீட்டும் தானாகப் போகும். அது ஸமத் நாநாவின் ஆசை, பிரணவனின் கைவேலை. மூன்று வாரமாக மக்கர் செய்த அந்தப் பகுதி அன்றுதான் முதல் தடவையாக ஒழுங்காக ஓடியது.

"சாப்பாடு எத்தனை மணிக்குத் தம்பி?" என்று நிரஞ்சனி கேட்டார்.

பெண் வீட்டாருக்கென்று வைத்த கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பப்படம் எல்லாம் அவர் இலைக்குப் போயின. கறியில் உப்பு ஒரு கல் குறைவு என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

அடுத்து, தண்ணீர்த் தாங்கியின் குழாயை மூடினான். குளிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் யார் தங்குவார்கள்? நிரஞ்சனி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். திரும்பும்போது சமையலறை வழியாக வந்தார். வந்தவர் அங்கேயே பலகை போட்டு உட்கார்ந்து வடை தட்டத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் சந்திரவதனா தன் முழங்கால் வலியில் தொடங்கி, மகன் மத்தியானம்வரை தூங்குவது, இருபத்திரண்டு வயதில் கம்பஸ் படிப்பை விட்டு வந்தது வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள். கேட்க ஆள் கிடைத்தால் அவள் உளுந்தைவிட நன்றாக அரைப்பாள்.

பிரணவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். வீட்டின் குறைகளை வரிசையாகச் சொன்னான். மழை வந்தால் கட்டிலின் கால்மாட்டில் ஒழுகும். பலாமர வேர் சுவரைப் பிளக்கிறது. பின்பக்கம் இரத்தம் குடிக்கிற அட்டை. அம்மாவின் வாய் இருக்கிறதே, வருகிற மருமகள் பாவம். நிரஞ்சனி ஒரு சின்னக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விருந்தினர்கள் விமர்சனம் போடும் இடத்தில் இதெல்லாம் வரப்போகிறது என்று அவனுக்கு மகிழ்ச்சி. இனி ஒருத்தரும் வரமாட்டார்கள்.

ஆனால் இவர் போகவில்லை.

மணி இரண்டு நாற்பது. வானம் கறுத்து, வீட்டுக்குள் மாலை ஆகிவிட்டிருந்தது. பிரணவன் வாசற்படியில் சாய்ந்து நின்றான். கண்ணை மூடினால் நின்றபடியே கனவு வந்தது. கனவிலும் நிரஞ்சனி கட்டிலில் இருந்தார்.

"அம்மா, உள்ளதைச் சொல்லிடுறேன். இது லொட்ஜ் இல்ல. மூணு மணிக்குப் பொண்ணோட அப்பா வர்றாரு. நான் கொழும்புல பெரிய கம்பெனியில மேனேஜர், லீவுல வந்திருக்கேன்னு தரகர் சொல்லி வச்சிருக்காரு. நானும் மறுக்கல."

"கம்பெனி இல்லையா?"

"அந்தா இருக்கு பாருங்க, அந்த மேசைதான் கம்பெனி."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"லோஜனாகிட்ட ஒரு தரம் போன்ல பேசினேன். சொல்லணும்னுதான் எடுத்தேன். அவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை விட மனசு வரல, சொல்லாம வச்சிட்டேன்."

நிரஞ்சனி கொப்பியை மூடினார். "அப்படி என்னதான் வேலை தம்பி அது?"

"நேத்து ஓடினது இன்னைக்கு ஓடாது. ஏன்னு தேடுவேன். ரெண்டு நாள் தேடினா எங்கயோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும். வச்சா ஓடும். நீலம் வேணும்பாங்க, நீலம் வச்சா பச்சை வேணும்பாங்க. எல்லாம் சரியா நடந்தா, நான் ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கும்."

"தப்பா நடந்தா?"

"நீங்க வந்து நிப்பீங்க."

அந்த அம்மாள் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். எங்கேயோ கேட்ட சிரிப்பு போலிருந்தது. தூக்கமில்லாதவனுக்கு எல்லாமே எங்கேயோ கேட்டதுதான்.

கீழே பாதையில் த்ரீவீல் சத்தம்.

பிரணவன் பையைத் தூக்கிக்கொண்டான். முன்னறை, சமையலறை, பின்வாசல் என்று அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டே போனான். வேலி ஓரமாக இறங்கினால் ரோட்டுக்குப் போகலாம், பஸ் கிடைக்கும், மன்னிச்சுக்குங்க என்றான். தூறல் விழுந்தது. நிரஞ்சனி திரும்பி, "தம்பி, என் குடை..." என்றார். அதற்குள் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டிருந்தான்.

ஆறுமுகநாதன் தனியாகத்தான் வந்தார். அவர் வீட்டாருக்கு வழக்கமாக ஓடும் ஸப்வானின் த்ரீவீல். மழை பிடித்துக்கொண்டது. ஸப்வான் சேற்றுக் காலைக் கழுவப் பின்பக்கம் போனான்.

வந்தவர் உட்கார்ந்தார். சந்திரவதனா வடையும் தேத்தண்ணியும் வைத்து, உங்க வீட்டில அவங்க வரல்லையா என்று கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். கொழும்பு ஒபீஸ் எந்தப் பக்கம் என்று பிரணவனிடம் விசாரித்தார். கடற்கரைப் பக்கம் என்றான். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றார். நாற்பது பேர் என்றான். சொல்லச் சொல்ல அந்த நாற்பது பேரும் பனிக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது அவனுக்கே தெரிந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆறுமுகநாதனின் கண் கதவு மூலைக்குப் போய் நின்றது.

"அந்தக் குடை யாருது?"

"வீட்டுக் குடைதான்" என்றான் பிரணவன்.

"அப்படியா" என்றார் அவர். குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஸப்வான் நனைந்த தலையோடு முன்வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, உங்க வீட்டம்மா பின்னால மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. யாரோ வெளிய தள்ளிக் கதவைப் பூட்டிட்டாங்களாம்."