நீயும் இல்லை, நீங்களும் இல்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையை மணந்துகொண்டவன் பணிவன்புடன் எழுதுவது. தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுத ஆரம்பித்தேன். 'மூவரும்' என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. தங்கள் தங்கை நலம். தங்கள் மருமகள் பட்டாணி, ஒரு பல்லைத் தவிர, நலம். மூன்றாவது ஆள் எப்படி இருக்கிறான் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீடு இரண்டே அறை. ஒன்றில் தும்மினால் இன்னொன்றில் திரை ஆடும். பட்டாணியின் காது எப்படிப்பட்ட காது என்று அவளைத் தூக்கி வளர்த்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய அப்பா போனபோது அவள் தவழக்கூட இல்லை, பேசிப் பழகியது நடந்து பழகியது எல்லாம் தங்கள் வீட்டில், தங்கள் கையைப் பிடித்துத்தான் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் தங்கள் தங்கையும் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டு குழந்தையோடு இந்த ஊருக்குக் கிளம்பியபோது, பஸ் நிலையத்தில் தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதீங்க மாப்பிள்ள, அவ கொஞ்ச நாள்ல ஒட்டிக்குவா" என்று சொன்னீர்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளாதது என் தப்புத்தான். அன்றைக்கு எனக்கும் ஒரு தெம்பு இருந்தது, மச்சான். ஷூக் கடையில் குழந்தைகள் பிரிவில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். நாளெல்லாம் குழந்தைகள் என் முழங்கால் மேல் கால் வைக்கிறார்கள். வயசைச் சொன்னால் சைஸ் சொல்வேன், சைஸைச் சொன்னால் வயசு சொல்வேன். குழந்தைகளைக் கரைத்துக் குடித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. இப்போதுதான் தெரிகிறது, நான் கரைத்துக் குடித்தது கணுக்கால் வரைக்கும்தான். அதற்கு மேலே குழந்தை என்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாமா என்றால் அது தாங்கள்; அந்த இடத்துக்கும் போட்டி போடவில்லை. அங்கிள், சார், எதுவாக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பேன். ஒன்றும் கிடையாது. சரி, பேச்சிலாவது 'நீங்க' வரும், கோபம் வந்தால் 'நீ' வரும் என்று காத்திருந்தேன். மச்சான், இந்தக் குழந்தை இரண்டுமே இல்லாமல் ஒரு தமிழ் பேசுகிறது. நான் வழியில் நின்றால், "கொஞ்சம் நகந்தா நல்லா இருக்கும்." மழை வருகிற மாதிரி இருந்தால், "குடை எடுத்துட்டுப் போனா நனையாம இருக்கலாம்." சாப்பிடக் கூப்பிட, "சாப்பாடு போட்டாச்சு." யார் நகர வேண்டும், யார் நனைவார், யாருக்குப் போட்டாச்சு என்ற பேச்சே இல்லை. தங்கள் தங்கையிடம் இதைச் சொன்னால், "ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, இதையெல்லாம் யோசிச்சா பேசுவா? உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்கிறாள். வேலை இருந்தும் நான் பொறி வைத்துப் பார்த்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "பட்டாணி, நான் சாப்பிட்டேனா இல்லையா, சொல்லு பாப்போம்" என்றேன். சாப்பிட்டீங்க என்றோ சாப்பிட்டே என்றோ சொல்லித்தானே தீர வேண்டும். அவள் தலையைத் தூக்காமல், "தட்டு கழுவியாச்சே, அதப் பாத்தாலே தெரியும்" என்றாள். கூடவே, "பட்டாணின்றது மாமா கூப்பிடற பேரு" என்றும் சொல்லிவிட்டாள். அதனால் இப்போது நானும் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டில் இரண்டு பேர், "ஏங்க, இதப் பாருங்க" என்கிற மாதிரிகூட இல்லாமல், தொண்டையைக் கனைத்தே குடும்பம் நடத்துகிறோம்.

போன வாரம் என் முதலாளி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். அவள்தான் எடுத்தாள். "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆள் இருக்கு" என்றிருக்கிறாள். "எந்த ஆளு?" என்றிருக்கிறார். "ஷூக் கடை ஆள்" என்றாளாம். ஷூக் கடையின் சொந்தக்காரருக்கே அந்த பதில். மறுநாள் கடையில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா, கடையிலிருந்து வேறு யாராவது அங்கே வந்து போகிறார்களா என்று விசாரித்தார். அவருக்கு முன்னிலை படர்க்கை எல்லாம் விளக்குவதற்குள் வாசலில் வாடிக்கையாளர் கூட்டம் சேர்ந்துவிட்டது.

இப்படியே விட்டால் ஆகாது, எனக்குத் தெரிந்த வழியிலேயே அவள் மனசுக்குள் போவோம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த வழி ஷூ. அவளுடைய பழைய ஷூ கட்டைவிரலை முட்டிக்கொண்டிருந்ததை நான் தூரத்திலிருந்தே கவனித்திருந்தேன். இந்த வயதில் கால் எப்படி வளரும் என்பது ஒன்றுதான் என் பாடம். ஆனால் அளவெடுக்கக் காலை நீட்டச் சொன்னால், "பழசே போதும்" என்று பாயில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். அவள் குளித்துவிட்டு வந்தபோது தரையில் ஈரக்கால் தடம் அழகாகப் பதிந்திருந்தது. கடவுள் கொடுத்த அளவு என்று எண்ணி ஸ்கேலைத் தேடினேன். ஸ்கேல் அவள் புத்தகப் பையில், பை கட்டில் அடியில், கட்டிலை நகர்த்தினால் கீழே ஒரு செருப்பு. எல்லாம் முடிந்து அளந்தேன். ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டேன் மச்சான், ஈரத்தடம் ஓரத்திலிருந்து காயும். நான் ஸ்கேல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கால் ஒரு சைஸ் சுருங்கிவிட்டது. என் கண்ணே என்னை எச்சரித்தது. கண்ணை நம்பாமல் ஸ்கேலை நம்பினேன்.

வெள்ளை ஷூ, பக்கத்தில் நீலக் கோடு, கடையில் வந்ததிலேயே நல்லது. அவள் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள். "நல்லா இருக்கு" என்றாள். யாருடையது, யார் வாங்கியது என்றெல்லாம் இல்லை, நல்லா இருக்கு. அதற்கே நான் அன்று இரண்டு தரம் சாப்பிட்டேன். அந்த வார முடிவில் வகுப்பு டீச்சர் வரச் சொன்னார். பிள்ளை நொண்டுகிறாள், குதிகாலில் கொப்புளம். "எங்க வேலை பாக்கறீங்க?" என்று டீச்சர் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். "வலிக்குதுன்னு வீட்ல ஏம்மா சொல்லலன்னு கேட்டேன் சார். ஆசையா வாங்கினது, சொன்னா மூஞ்சி சின்னதாயிடும்ங்கறா" என்றார். "யார் மூஞ்சின்னு சொன்னாளா?" என்று கேட்டேன். "இல்ல சார், மூஞ்சின்னுதான் சொன்னா" என்றார். பாருங்கள், என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிட அவளுக்கு நேரமில்லை. என் மூஞ்சியைப் பற்றி டீச்சரிடம் பேச மட்டும் நேரம் இருக்கிறது.

அடுத்தது எதிர்வீட்டு விவகாரம். எதிர்வீட்டு பஸ் கண்டக்டரின் மகளும் இவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே உயிர். தெருவில் கட்டம் போட்டு நொண்டியடிப்பார்கள். ஒரு காலில் போய்த் திரும்பும்போது எதிர்வீட்டுப் பெண் கோட்டை மிதித்துவிட்டாள் என்று இவளும், மிதிக்கவே இல்லை என்று அவளும் சண்டை. ஆட்டத்தின் விதி என்றால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீதிமன்றம் தோற்றுவிடும். "இனிமே உன் பேச்சு கா" என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைக்கு இருப்பதே ஒரு சிநேகிதி, சும்மா இருக்கலாமா? நான் இறங்கிப் போய்க் கோட்டைப் பார்த்தேன். ஷூ அடித்தடம் எனக்குத் தெரியாததா? மிதித்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். கண்டக்டர் சட்டையில்லாமல் வெளியே வந்து, "எம் பொண்ணு பொய் சொல்றாங்கறீங்களா?" என்றார். "பொய்ன்னு சொல்லல, தடம் அப்படி இருக்குன்னு சொல்றேன்" என்றேன். "தடத்தப் பாக்க நீங்க என்ன துப்பறியறவரா?" என்றார். பேச்சு வளர்ந்து, நான் அவருடைய பஸ்ஸில் சில்லறை தராதது வரைக்கும் போய்விட்டது. நடுவில் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் இரண்டும் புதிதாகக் கோடு போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கண்டக்டர் குரல் உயர்ந்தபோது மட்டும் பட்டாணி ஒற்றைக் காலில் நின்றபடியே சிநேகிதியிடம், "உங்க அப்பாவக் கத்த வேணாம்னு சொல்லு. அது எங்க வீட்டு ஆளு" என்றாள். மறுபடியும் ஆள். தெருவே கேட்டது. இப்போது பிள்ளைகள் பேசுகிறார்கள். நானும் கண்டக்டரும் கா. அவர் பஸ் வந்தால் நான் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான். நேற்று நடந்ததுதான் என்னை உடைத்துவிட்டது. முன்பல் ஒன்று அவளுக்குப் பத்து நாளாக ஆடிக்கொண்டிருந்தது. யாரையும் தொடவிட மாட்டாள். மாமா வந்து எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். தாங்கள் எப்போது அப்படி வாக்குக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று நான் சரியான சைஸ் ஷூவை மாற்றி எடுத்துக்கொண்டு, ஒரு சந்தோஷம் கொடுக்கலாம் என்று வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்தேன். எங்கள் வாசற்கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. கட்டினவர் ஏன் அப்படிக் கட்டினார் என்று குடிவந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டாணி உள்ளே என்ன செய்திருக்கிறாள் என்றால், நூலின் ஒரு முனையைப் பல்லிலும் மறுமுனையைக் கதவுக் கைப்பிடியிலும் கட்டிக்கொண்டு, தைரியம் வருகிறதா என்று சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஆசையோடு கதவை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

பல் நூலோடு கைப்பிடியில் தொங்கியது. அலங்காரத்துக்கு எதையோ மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். புரிந்ததும் நான் செய்த முட்டாள்தனம், சிரித்த முகத்தோடு, "அட, பல் வந்துடுச்சே" என்று சொன்னது. அவள் கையில் ரத்தத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், கண்டக்டரே கா-வை மறந்து எட்டிப் பார்த்தார். "மாமா எடுக்க வேண்டிய பல்லு, மாமா எடுக்க வேண்டிய பல்லு" என்று ஒரே சொல். அதிலிருந்து என்னோடு அந்த ஆளில்லாத தமிழ்கூடக் கிடையாது. சாப்பாடு போட்டாச்சா என்பதை நானே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். அடுத்த மாதம் பள்ளி விடுமுறை. தாங்கள் நேரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், விடுமுறை முழுக்க அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் அவள் சிரிப்பாள் என்றால் பள்ளிக்கூடத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். தங்கள் தங்கையிடம் நான் பேசிக்கொள்கிறேன். பட்டாணி இங்கே இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். வீடு அமைதியாக இருக்கும். அதற்கும் பழகிக்கொள்வேன். ஒரு குழந்தை ஒவ்வொரு வாக்கியத்திலும் இன்னொரு மனுஷனைத் தாண்டித் தாண்டிப் போவதற்கு எவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்தால், என்னைவிட அவள் மேல்தான் பரிதாபம் வருகிறது.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் பையன்கள் இருவருக்கும் என் அன்பும் ஆசியும். அவர்களுடைய கால் அளவை எழுதி அனுப்பவும், காகிதத்தில் காலை வைத்து வரைந்து அனுப்பவும், ஈரத்தடம் வேண்டாம். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கும் வரவுக்கும் காத்திருக்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்துக் காலையில் உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டாணி வந்து நின்று, "லெட்டர் யாருக்கு?" என்றாள். மாமாவுக்கு என்றேன். "என்னன்னு?" என்றாள். மறைக்க மனசில்லாமல், லீவுக்கு மாமா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவார், அங்கேயே இருந்துகொள்ளலாம் என்றேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். அப்புறம் பல் போன இடத்தில் காற்று வர, "என்னக் கேக்காம நீ எதுக்கு எழுதினே?" என்றாள். நான் உறையைக் கீழே வைத்துவிட்டேன். "நீதானே கதவத் திறந்தே. நீதானே பல்லப் புடுங்கினே. இப்ப என்னை அனுப்பிட்டு நீயும் அம்மாவும் மட்டும் இங்க இருப்பீங்களா? நீ வேணா போ மாமா வீட்டுக்கு. நான் வர மாட்டேன். என் பெஞ்சு இங்க இருக்கு" என்று என் கையில் நாலு அடி வேறு. தங்கள் தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "பெரியவங்கள நீ வா போன்னா பேசறது? நீங்கன்னு சொல்லு" என்று அதட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக நான் குரலை உயர்த்தி, "இந்த வீட்ல யாரும் அவளத் திருத்தக் கூடாது" என்று சொன்னேன். தங்கள் தங்கை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கே போய்விட்டாள்.

எனவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம். மேலே படித்த அவசரத்தில் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருந்தால் ரத்து செய்துவிடவும். இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன்; பட்டாணி விடவில்லை. உறையைப் பிடுங்கி, காகிதத்தை வெளியே எடுத்து, என் முன்னால் விரித்து வைத்து, என் முழங்கால் மேல் காலை வைத்து ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா கூட்டிட்டுப் போக வர வேணாம், சும்மா பாக்க மட்டும் வரலாம்னு கீழ எழுது" என்றாள்.

எழுது என்றாள் மச்சான். எழுதுங்க இல்லை. எழுதிவிட்டேன்.