வாசலால் வெளியே வராத மெஷின்

சாய்ந்தமருது
1997.08.14

அன்பின் மச்சான் மர்சூக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீர் டோஹாவில் அதைவிட மேலாக இருக்க துஆச் செய்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று. இனி மெஷின்.

சீனி வருத்தத்துக்குத் தினமும் நடக்கச் சொன்னார் டொக்டர். கடற்கரையில் நடந்தேன். ஆமிக்காரர் சென்றியில் மறித்து, "எங்க போறீங்க?" என்றார்கள். "எங்கயும் போகல்ல, சும்மா நடக்கன்" என்றதை நம்பாமல் பகல்வரை குந்தவைத்தார்கள். அதைக் கேட்டு இரங்கித்தான், மூடிப்போன ஹோட்டல் ஜிம்மிலிருந்து நடக்கிற மெஷினை வாங்கிக் கப்பலில் அனுப்பினீர். உமது மனசில் குற்றமில்லை.

எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். மகள் அப்னாவுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்கு அப்போது முன்சுவர் எழும்பவில்லை. மேசன் மஜீட், "மாமா, இப்பவே உள்ள வெச்சிருவம், பொறகு கரச்சல்" என்றான். வைத்தோம். அவன் சுவரை எழுப்பி, நிலை வைத்து, பூசியும் முடித்த பிறகுதான் மெஷின் வாசலைவிட ஒரு முழம் அகலம் என்று கண்டோம்.

இது பகல் முழுக்க நூறு பேர் ஓடுவதற்குச் செய்த சாமான், மச்சான். சுவிட்சைப் போட்டால் பியூஸ் போகும். போகாவிட்டால் ஒழுங்கை முழுக்க லைட் மங்கும், "ஸமட் காக்கா நடக்கத் தொடங்கிட்டார்" என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். அதன் ஆகக் குறைந்த வேகமே எனக்கு ஓட்டம். கரண்ட் போனால் காலடியில் ஓடும் பட்டி நிற்கும், நான் நிற்கமாட்டேன். என் நெற்றி பட்ட சுவரில் பூச்சு உதிர்ந்துவிட்டது. புதுத் தரையும் வெடித்துவிட்டது. திருத்துகிறவன் கொழும்பில் இருக்கிறான்; வீட்டில் வைத்தால் உத்தரவாதம் கிடையாது என்று போனை வைத்துவிட்டான்.

இதெல்லாம் போகட்டும். போன வெள்ளி மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, ஹவ்வா உம்மா, ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன, நெல்லு குத்துற மில்லா?" என்று கேட்டா. உம்மோடு பிறந்த ராத்தா லைலா பயத்தில், "ஓம்" என்றுவிட்டா! "அப்ப புள்ள எங்க புழங்குற?" என்று கேட்டவ தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டா. ஆறு நாளாகச் சேதி இல்லை. அப்னா ஒழுங்காகச் சோறு தின்பதில்லை. லைலா, "சுவர உடைங்க" என்கிறா. கல்யாணத்துக்கு முந்தியே சுவரை உடைத்த வீடு என்று ஊர் கதைக்காதா?

நிக்காஹ் நடக்காவிட்டால் அப்னாவின் வாழ்வு என்னாகும்? நடந்தால், வீட்டைக் கொடுத்துவிட்டு நானும் லைலாவும் பின்வீதி வாடகை வீட்டுக்குப் போகவேண்டும். மருமகன் இருக்கும் வீட்டுக்குள் காரணமில்லாமல் கால்வைக்க எனக்குக் கூச்சம். பத்து வருஷமாகக் காலைத் தேத்தண்ணியை மகள் கையால் குடித்தவன் நான். ஆனாலும் அவள் வாழ்வுதான் பெரிசு. ஆகவே, ஆள் அனுப்பி, துண்டு துண்டாக அறுத்தாவது இதைக் கொண்டுபோகச் செய்யும்.

அல்லாஹ் உமக்கு நீண்ட ஆயுளையும், பாரமில்லாத சாமான் வாங்கும் புத்தியையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
மச்சான் அப்துல் ஸமட்
(ஓய்வு பெற்ற தபாலதிபர்)

பி.கு.: கவரை ஒட்டப்போக ஹவ்வா உம்மா வந்தா. "அது மில் இல்லியாமே! மகன் சொல்லிச் சிரிச்சான். ஊட்டோடயே இரிக்கட்டுமாம். மாமா ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு வந்து நடக்கட்டுமாம்" என்றா. அடுத்த மாதம் நிக்காஹ். ஆள் அனுப்பவேண்டாம். வாசலை இன்னும் ஒரு சாண் ஒடுக்கச் சொல்லி மஜீடை வரச்சொல்லியிருக்கிறேன்.