கதிரைத் தளபதியும் இரண்டு துளைச் சொக்கெட்டும்

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு பற்றரிப் பெட்டிக்கு ஆணி முறுக்கியது. நான் முறுக்கினேன். அவர் டோர்ச் பிடித்தார். பிடித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெளிச்சம் ஆணியில் நின்ற நேரம் குறைவு. சுவரில் ஒட்டியிருந்த உக்ரைன் வரைபடத்தில் நின்ற நேரமே கூடுதல்.

"அப்பா, லைட் இஞ்ச."

"பொறு பிள்ளை. இந்தப் பாலத்தை அவங்கள் விட்டது பிழை."

"ஆணி விழுந்திட்டுது."

"விழும். பின்வாங்கினால் எல்லாம் விழும்."

வாசகரே, இவரைத் தனி ஆள் என்று நினைக்காதீர்கள். இவர் ஓர் இனம். கதிரை என்கிற நாற்காலியை விட்டு எழும்பாமலே போர் நடத்துவதால், கதிரைத் தளபதி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் வாழ்ந்த மாதிரியின் பெயர் தேவராசா. பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆனால் இந்த இனத்துக்குத் தொழில் பொருட்டல்ல. கணக்காளராகவும் இருக்கும், பல் வைத்தியராகவும் இருக்கும். காலையில் எழுந்து முகம் கழுவுமுன் முன்னரங்கைப் பார்க்கும். ஏவுகணைகளின் தூரத்தைப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைவிடச் சரியாகச் சொல்லும். தேநீரை ஊதிக் குடித்தபடி "நேற்று நாங்கள் ஒரு எண்ணெய்க் கிடங்கை அடிச்சிட்டம்" என்று அறிவிக்கும். யன்னலில் நீலமும் மஞ்சளுமாய்க் கொடி கட்டும். படையெடுத்தவன் எங்கே பிழைவிட்டான், எதிர்த்து நிற்பவன் எங்கே பிழைவிட்டான், ஆயுதம் கொடுப்பவன் எங்கே பிழைவிட்டான் என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லும். தான் பிழைவிட்ட இடம் மட்டும் எந்த வரைபடத்திலும் இராது.

ஒரு படைப்பிரிவையே ஆற்றைக் கடத்துவார். குப்பைத்தொட்டியை வாசலைக் கடத்தமாட்டார்.

"அடுத்த ரெண்டு கிழமை முக்கியம்" என்பது இந்த இனத்தின் மந்திரம். அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "வருசக்கணக்கா ரெண்டு கிழமை முக்கியமா இருக்கு. நாளைக்குக் குப்பை எடுக்கிற நாள். அது முக்கியமில்லையோ?"

கல்யாண வீட்டில் இவருக்கு எதிரே உட்காராதீர்கள். சோறு கிழக்குப் பிரதேசமாகும். பருப்பு ஆறாக ஓடும். அப்பளங்கள் கவச வாகனங்கள். உங்கள் தட்டில் இருக்கும் வடை முற்றுகைக்குள் அகப்பட்ட நகரம். வடக்கிலிருந்து கரண்டியும் தெற்கிலிருந்து இரண்டு விரல்களும் நகர்ந்து வரும். நகரம் மீட்கப்படும். மீட்கப்பட்ட கையோடு வாய்க்குள் போகும். உங்கள் வடை!

இதெல்லாம் தீங்கில்லாத பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன், ஹலினா வரும்வரை.

ஹலினா உக்ரைனின் கார்கிவ் நகரத்திலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டு மாடியறையில் இருக்கிறார். அவருடைய தாய் அங்கேயே, அடுக்குமாடியில், ஒட்சிசன் மெஷினோடு தனியே இருக்கிறார். குண்டு விழுந்து கரண்ட் போனால் மெஷின் நிற்கும். வேலிக்கு மேலால் இதைச் சொன்னபோது அவர் உதவி எதுவும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று அப்பா கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

தளபதி அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தார். "பற்றரி அனுப்புறம். கரண்ட் போனாலும் மெஷின் ஓடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ எலெக்ரிக்கல் எஞ்சினியர்தானே?"

இதுதான் இந்த இனத்தின் வேலை முறை. வாக்கு ஒருவர் கொடுப்பார், ஆணியை இன்னொருவர் முறுக்குவார். அரசாங்க வடிவிலும் இந்த இனம் உண்டென்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மாநாடு கூடும். தோளில் தட்டிக்கொள்வார்கள். "எவ்வளவு காலமானாலும் உங்களோடு நிற்போம்" என்பார்கள். வசந்தத்தில் வாக்கு, கோடையில் விவாதம், இலையுதிர்காலத்தில் குழு, பனி கொட்டும்போது ஒரு பெட்டி போய்ச் சேரும். திறந்தால் வயர் இராது. எங்கள் வீட்டில் குழு இல்லை என்பதுதான் ஒரே வித்தியாசம். நானும் அப்பாவும் மட்டும்.

பெட்டி முடிந்தது. பற்றரி, இன்வேர்ட்டர், எல்லாம் ஒரு பச்சை உபகரணப் பெட்டிக்குள். அப்பா ஹலினாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நன்றி சொன்னார். பிறகு பெட்டியின் முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கவேண்டும், மிஸ்டர் தேவா. எங்கள் நாட்டில் பிளக்குக்கு இரண்டு கால்."

நாங்கள் பூட்டியிருந்தது மூன்று துளைச் சொக்கெட். யாழ்ப்பாணத்தில் மூன்று கால், லண்டனில் மூன்று கால். உலகத்துக்கே மூன்று கால் என்று இருந்துவிட்டோம். ஏவுகணையின் தூரம் தெரிந்தவருக்கும் தெரியவில்லை, பட்டம் பெற்றவளுக்கும் படவில்லை.

தளபதிகள் தோல்வியை ஒப்புக்கொள்வார்களா? அப்பா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். மேல் துளைக்குள் செருகினார். கீழ்த் துளைகளின் உள்மூடி விலகியது. தன் சவர மெஷினின் இரண்டு கால் பிளக்கைக் கீழே அழுத்தினார். ஏறியது. இந்த வித்தை தெரியாத வீடு எங்கள் ஊரில் இல்லை. சொக்கெட்டுக்கு ஒரு பேனையோ ஈர்க்கோ பக்கத்தில் கிடக்கும்.

"பாத்தியளோ? சின்ன விசயம்." பேனையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அம்மாவுக்கு எண்பத்தொரு வயது," என்றார் ஹலினா. "கரண்ட் போனால் இருட்டாக இருக்கும்."

"அப்ப வெள்ளைப் பேனை வைக்கிறன். இருட்டிலை தெரியும்."

வைத்தும் விட்டார்.

நான் மறுத்தேன். பிடிப்பு இறுகாது, சூடேறும், பக்கத்தில் ஒட்சிசன். சொக்கெட்டையே மாற்றவேண்டும். ஓன்லைனில் எடுக்கிறேன் என்றேன். அப்பாவுக்கு அது அவமானம். "தெரிஞ்ச கடை இருக்கேக்கை ஓன்லைனோ? ஈஸ்ட் ஹாமிலை பிரதாபன் வைச்சிருக்கிறான். நாளைக்கு வாங்கிறன்."

பிரதாபன் அங்கிள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவர். இங்கே வந்தும் ஜெர்மன் மிக்சியை விடாத எங்கள் சனத்துக்காக இரண்டு துளைச் சாமான்களைத் தன் பலசரக்குக் கடையில் ஒரு மேசை லாச்சி நிறைய வைத்திருக்கிறார். துரதிர்ஷ்டம் என்னவென்றால் அவரும் தளபதி. எதிர் அணி.

அப்பா போனார். முருங்கைக்காயோடு வந்தார். மறுபடி போனார். கத்தரிக்காயும் ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் வந்தன. சொக்கெட் வரவில்லை. "கதையிலை மறந்திட்டன்." ஹலினா வேலிக்கு மேலால் ஒரு கேள்விதான் கேட்பார்: "பிளக் வந்ததா?" அப்பாவிடமும் ஒரு பதில்தான்: "நாளைக்கு." வட லண்டன் எட்மண்டனிலிருந்து மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் தொண்டர்களின் வான் உக்ரைனுக்குப் போகும். ஒரு வான் போனது. அடுத்த வானும் போனது. கார்கிவில் குளிர் தொடங்கிவிட்டது.

கடைசித் தடவை நடந்ததைப் பிரதாபன் அங்கிளே எனக்குச் சொன்னார். சொக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டாராம். வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்கட சனம் பங்கருக்குள்ளை கிடக்கேக்கை எந்த நாடு வந்தது, அண்ணை?"

"ஒண்டும் வரேல்லை."

"பிறகேன் நீங்கள் துள்ளுறியள்?"

"ஒருத்தரும் வராட்டி எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தான்."

அப்பா தன் வாழ்க்கையில் வென்ற ஒரே விவாதம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் வென்ற தளபதி சாமான் வாங்க நிற்பானா? கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியேறினார். சொக்கெட் மேசையிலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுத்தால் வெற்றி குறைந்துவிடும்.

அடுத்த நாள் காலை அவர் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியாது.

செத்த வீட்டுக்குத் தளபதிகள் எல்லோரும் வந்தார்கள். கறுப்புக் கோட்டுகளோடு, தகன மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் நின்று, அடுத்த இரண்டு கிழமை முக்கியம் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, "அப்பா இருந்திருந்தால் இந்தக் கிழமை நடந்ததுக்கு என்ன சொல்லியிருப்பார்?" என்று கண் கலங்கினார். உண்மையான கண்ணீர்தான். இந்த இனத்தின்மேல் முழுதாகக் கோபப்பட முடியாமல் இருப்பது இதனால்தான். ஹலினா வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். பிளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. வெளியே போகும்போது வாசலில் இருந்த பச்சைப் பெட்டியைச் சுற்றிக் கவனமாகக் கால் வைத்துப் போனார்.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

நேற்று நானே ஈஸ்ட் ஹாம் போனேன். பிரதாபன் அங்கிள் அம்மாவுக்கென்று முருங்கைக்காயை என் பைக்குள் வைத்துவிட்டு லாச்சியை இழுத்தார். இரண்டு சொக்கெட்டுகளை மேசையில் வைத்தார்.

"காசு வேண்டாம் பிள்ளை. அண்ணைக்காக." கண்ணாடியைத் துடைத்தார். "ஆனால் ஒண்டு சொல்லவேணும். அந்தப் பாலத்தைப் பற்றி அண்ணை சொன்னது பிழை. அவங்கள் விட்டது சரி."

நான் எஞ்சினியர். அளக்கமுடியாததைப் பற்றி வாதாடுவதில்லை. வீட்டில் அந்தப் பாலத்தின் பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறவள். சொக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதானே?

"இல்லை அங்கிள்," என்றேன். "விட்டது பிழை."

"என்ன பிழை? பின்னாலை ரெயில் பாதை இருக்கு."

"பாதை இருந்தென்ன? பாலம் போனால் சாமான் எப்பிடி வாறது?" என் கை தானாக நீண்டது. கல்லாப் பெட்டி நகரமாயிற்று. நாடாச் சுருள் ஆறாயிற்று. மின்குமிழ்ப் பெட்டிகளை நான் வடக்கிலிருந்து நகர்த்தினேன், அவர் தெற்கிலிருந்து தடுத்தார். சாமான் வாங்க வந்த ஒரு பெண் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தினால் அந்தக் குரல் நின்றுவிடும் என்பதும் தெரிந்திருந்தது.

வென்றேன் என்றுதான் நினைக்கிறேன். கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

வெஸ்ட் ஹாமில் ரயில் மாறும்போது பையைப் பார்த்தேன். முருங்கைக்காய் இருந்தது.

ஆகவே வாசகரே, எச்சரிக்கை. இந்த இனம் கதிரையிலிருந்து கதிரைக்குத் தொற்றுகிறது. இதைப் படிக்கும்போது "எங்கட சித்தப்பாவை அப்படியே எழுதியிருக்கு" என்று சிரித்தீர்களா? குடும்பக் குழுவுக்கு அனுப்ப விரல் போய்விட்டதா? அந்தப் பாலத்தை விட்டது சரியா பிழையா என்று உங்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறதா? நல்லது. அந்தக் கதிரையில் இருந்தபடியே ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே என்ன பெட்டி நிற்கிறது? யாருக்கு அனுப்புவதாகச் சொன்னது?

நாளை மாதக் கடைசிச் சனி. வான் மதியம் புறப்படுகிறது. கடை காலையில் திறக்கும். சொக்கெட்டுகள் மேசையில்தான் கிடக்கும். எங்கள் பச்சைப் பெட்டி வாசலில் நிற்கிறது. அதற்குள் வெள்ளைப் பேனை இன்னும் இருக்கிறது.