இரண்டு பேருக்கான கம்பளிப் போர்வை

அன்பும் அதிகாரமும் ஒருங்கே நிறைந்த என் வீட்டம்மாவுக்கு,

இவ்விடம் நானும் சமையலறைக் குழாயும் நலம். குழாய் மட்டும் சற்றே சொட்டுகிறது. அவ்விடம் நீயும், மகளும், மாப்பிள்ளையும், பேத்தியும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசலாமென்றால் பேத்தி அழுவதுதான் கேட்கிறது. ஆகவே கடிதம்.

நிற்க. "குளிர் வருது, நல்ல கம்பளியா பார்த்து வாங்கிக்குங்க" என்று நீ சொன்னதைச் சிரமேற்கொண்டு போன மாதம் கடைக்குப் போனேன். உள்ளே ஆட்டுக் கம்பளி வைத்துத் தைத்த மெத்தைப் போர்வை, டூவே என்கிறார்கள். நாற்பது வருடம் கிடங்கில் சரக்கு சரிபார்த்தவன் காதிலே பூச்சுற்ற முடியுமா? முகர்ந்து பார்த்தேன். கம்பளி ஒரு மூலைக்கு ஒதுங்காமல் கட்டம் கட்டமாகத் தைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அசல் கம்பளி சார் என்றாள் விற்கிற பெண். சொன்னால் ஆயிற்றா? மாதிரித் துண்டிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியை உரசினேன். அசலா இருந்தா முடி பொசுங்குற வாடை வரும், சாம்பல் விரல்ல பொடியும்; நைலான் கலந்திருந்தா உருண்டையா இறுகிடும். வாடை வந்துச்சு, அசல்தான். ஆனா கூரையில இருந்த ஃபயர் அலாரத்துக்கு அந்த விவரம் தெரியல. அது அலறின அலறல்ல மொத்தக் கடையும் தெருவுக்கு வந்துடுச்சு, மேனேஜர் ஒரு தலையணையைக் கட்டிப்பிடிச்சபடி. நான் தீப்பெட்டியை சட்டைப் பையில போட்டுக்கிட்டு, எந்தப் பாவி செஞ்ச வேலையோங்கிற மாதிரி நின்னேன். அந்தப் பொண்ணு காட்டிக்கொடுக்கல, மகராசி.

திரும்ப உள்ள போனதும் ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கான்னு கேட்டா. ஒருத்தருக்குன்னுதான் சொன்னேன். மூணு மாசத்துல வந்துடுறேன்னு பிரசவம் பார்க்கப் போனவ ஏழாம் மாசமும் வரலைன்னா வேற என்னத்தைச் சொல்றது? படுத்துப் பாருங்கன்னா. படுத்தேன். கனமே இல்ல, ஆனா கதகதன்னு இருந்துச்சு. கண்ணசந்துட்டேன். முழிச்சா முக்கால் மணி நேரம் ஆயிருக்கு, சுத்தி நாலு பேர் நிக்கிறாங்க. நான் போர்வை ஓரத்தை ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிடிச்சிருக்கேன்.

"விடுங்க சார், யாரும் இழுக்க மாட்டாங்க"ன்னா அந்தப் பொண்ணு.

முப்பத்தாறு வருஷமா நீ இழுத்து இழுத்து நான் பழகின பிடி அது. அதை அவகிட்ட எப்படிச் சொல்றது? கைக்குட்டையால முகத்தை மூடிக்கிட்டேன். தும்மல்னு சொல்லி சமாளிச்சேன்.

ஆக, ஒருத்தருக்கான போர்வையே வாங்கியாயிற்று. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன். இழுக்க ஆளில்ல, குறட்டைன்னு விலாவுல இடிக்க ஆளில்ல, ராஜா மாதிரி இருக்கேன். நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். பேத்திக்குப் பல் முளைக்கட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடத்துல சேரட்டும்.

மகளும் மாப்பிள்ளையும் சீரும் சிறப்புமாக இருக்க என் ஆசிகள். பேத்திக்கு, மீசை குத்தாமல் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கும் உன் வீட்டுக்காரர்

பி.கு.: வாங்கினது ரெண்டு பேருக்கானது. இன்னும் பையை விட்டு எடுக்கல. தனியா பிரிக்க மனசு வரல. பழைய கோட்டை மாட்டிக்கிட்டுதான் படுக்கிறேன். பிரிக்காம இருந்தா முப்பது நாளைக்குள்ள திருப்பி எடுத்துக்குவாங்களாம். நேத்தோட முப்பது நாள் முடிஞ்சுது. நான் போகல. சீக்கிரம் வந்து இழு.